வாசகர் கேள்வி: எவர்சில்வரில் காந்தம் ஏன் ஒட்டுவதில்லை?

கேள்வி: பழைய எவர்சில்வர் பாத்திரங்களைக் காயலாங்கடையில் போட்டபோது, கடைக்காரர் காந்தத்தை வைத்துப் பார்த்து, ஒட்டாதவற்றுக்குக் கூடுதல் விலையும் ஒட்டியவற்றுக்குக் குறைந்த விலையும் சொன்னார். எல்லாவற்றிலும் இரும்பு இருக்க, சிலவற்றில் மட்டும் ஒட்டாதது ஏன்? ஒட்டாத கிண்ணம் ஒன்றின் மடித்த விளிம்பில் மட்டும் காந்தம் லேசாகப் பிடித்ததே, அது எப்படி?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: இரும்பு இருந்தால் மட்டும் போதாது, அதன் அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். சாதாரண இரும்பில் அருகருகே உள்ள அணுக்களின் காந்தத் திருப்புத்திறன்கள் (ஒவ்வோர் அணுவையும் குட்டிக் காந்தமாக்கும் பண்பு) ஒரே திசையை நோக்கி நிற்பதால், வெளியிலிருந்து காந்தம் நெருங்கியதும் அவை பெருங்கூட்டமாக அதன் பக்கம் திரும்பிக்கொள்கின்றன. இதுவே ஃபெர்ரோ காந்தத் தன்மை.

காந்தம் ஒட்டாத எவர்சில்வர் வகைகளில் ஒன்றான 304 என்னும் தரத்தில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உள்ளன. 358 டிகிரி செல்சியஸ் வரை தானே ஃபெர்ரோ காந்தப் பொருளாக இருக்கும் நிக்கல், இங்கே இரும்போடு சேர்ந்து அதன் படிக அடுக்கையே மாற்றிவிடுகிறது என்பது வேடிக்கைதான். கனசதுரத்தின் மூலைகளிலும் ஒவ்வொரு முகத்தின் நடுவிலும் அணுக்கள் அமர்ந்த அந்த அடுக்கில், அறை வெப்பநிலையில் திருப்புத்திறன்கள் ஒருமித்து நிற்பதில்லை. எஞ்சுவது, காந்தத்தால் மிக மெல்ல மட்டுமே ஈர்க்கப்படும், கைக்குப் புலப்படாத பாரா காந்தத் தன்மை மட்டுமே. நிக்கல் சேர்க்காத 430 தரத்தில் இரும்பின் வழக்கமான அடுக்கே நிலைப்பதால் காந்தம் பிடித்துக்கொள்கிறது. நிக்கல் விலை உயர்ந்த உலோகம். கடைக்காரரின் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது.

தகட்டை அச்சில் அழுத்திக் கிண்ணமாக்கி விளிம்பை மடிக்கும்போது, அந்த இடத்தில் உலோகம் மிகுதியாக நெளிந்து, அடுக்கின் ஒரு பகுதி மார்ட்டென்சைட் என்னும் ஃபெர்ரோ காந்த வடிவத்துக்கு மாறிவிடும். ஆகவே விளிம்பில் ஒட்டியதை வைத்துக் கிண்ணத்தை மட்டமான சரக்கென்று தள்ளுவது முறையன்று. தட்டையான அடிப்பகுதியில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒட்டாததெல்லாம் 304-ம் அன்று. நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிச் செய்யும் 202 தரத்திலும் காந்தம் ஒட்டாது. அதற்கும் 304-இன் விலையைக் கொடுத்தால் நட்டம் கடைக்காரருக்கே.

கேள்வி: செம்பு, அலுமினியம் இரண்டிலும் காந்தம் ஒட்டவில்லை. பாடநூல் மட்டும் ஏன் அவற்றை வெவ்வேறு வகையில் சேர்க்கிறது?
– பிளஸ் டூ மாணவி, திருவொற்றியூர்

பதில்: ஒரு பொருள் காந்தப் புலத்தில் எவ்வளவு காந்தமாகிறது என்பதைச் சொல்லும் காந்த ஏற்புத்திறனின் குறியே காரணம். அலுமினியத்துக்கு அது லட்சத்தில் ஏறத்தாழ 2 என்ற அளவில் நேர்க்குறி; செம்புக்கு லட்சத்தில் சுமார் 1 என்ற அளவில் எதிர்க்குறி. அதாவது அலுமினியம் மிக மெல்ல ஈர்க்கப்படுகிறது, அது பாரா காந்தப் பொருள்; செம்பு மிக மெல்ல விலக்கப்படுகிறது, அது டயா காந்தப் பொருள். வீட்டுக் காந்தத்தால் இந்த வேறுபாட்டைக் காண முடியாது. டயா காந்தப் பொருட்களில் இவ்விலக்கம் செம்பைவிடப் பிஸ்மத்தில் பல மடங்கு அதிகம். வலிமை மிக்க மின்காந்தத்தின் துருவங்களுக்கிடையே பிஸ்மத் தண்டை நூலில் தொங்கவிட்டால் அது புலத்துக்குக் குறுக்காகத் திரும்பி நிற்கும். பாரா காந்தப் பொருளின் தண்டு புலத்தின் திசையிலேயே நிற்கும்.