காளான் அறையில் நாற்றமா? ஃபில்டர் வாங்கும் முன் வைக்கோலைப் பிழிந்து பாருங்கள்

கேள்வி: மாடியில் பத்துக்குப் பத்து அறையில், ஒன்பது அடி உயரத்தில், சிப்பிக் காளான் வளர்க்கிறேன். வைக்கோலும் காளான் வித்தும் அடைத்த நாற்பது பை (பெட்) தொங்குகின்றன. ஒரு மாதமாக அறையில் புளித்த நாற்றம். பக்கத்து வீட்டில் முகம் சுளிக்கிறார்கள். காளானும் காம்பு நீண்டு, தொப்பி பட்டன் அளவில்தான் வருகிறது. நாற்றத்தை உறிஞ்சும் கார்பன் (கரி) ஃபில்டரும் குழாய் விசிறியும் சேர்த்து 7,500 ரூபாய்க்கு ஆன்லைனில் பார்த்தேன். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். பணம் இப்போதைக்குக் கையிலேயே இருக்கட்டும்.

முதலில் நாற்றம். வித்து நன்றாகப் பரவிய பெட்டில் மழை பெய்த மண் போல லேசான வாசம்தான் வரும். கழுநீர்ப் பானையைத் திறந்தது போலப் புளித்து வந்தால் வைக்கோலில் தண்ணீர் அதிகம் என்று அர்த்தம். பெட்டின் அடிப்பகுதியைக் கையால் தூக்கிப் பாருங்கள். மஞ்சள் தண்ணீர் தேங்கியிருக்கும். காற்றுப் புகாத அந்த இடத்தில் பாக்டீரியா பெருகுகிறது. அடியில் நான்கைந்து துளை போட்டுத் தண்ணீரை வடித்துவிடுங்கள். உள்ளே பச்சைப் பூசணமோ, கறுப்பு மையாகக் கரையும் குடைக்காளானோ தெரிந்தால் அந்த பெட்டை யோசிக்காமல் வெளியே எடுத்துவிடுங்கள். அடுத்த முறை வேகவைத்த வைக்கோலை நிழலில் உலர்த்தி, ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். உள்ளங்கை ஈரமாக வேண்டும், சொட்டு விழக் கூடாது. அப்புறம், மூன்று அறுவடை முடிந்த பெட்டை அறை மூலையில் குவித்து வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. உங்களுக்கும் இருந்தால் நாற்றத்தில் பாதி அங்கிருந்துதான்.

கார்பன் ஃபில்டர் ஏன் வேண்டாம் என்கிறேன்? காளான் அறைக்கு 80 முதல் 90 சதவீதம் ஈரப்பதம் தேவை. ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டினாலே கரியின் நுண்துளைகளை நீராவி பிடித்துக்கொள்கிறது. நாற்றத்துக்கு இடம் குறைந்துவிடும். சிப்பிக் காளான் உதிர்க்கும் வெள்ளைத் தூளும் ஃபில்டரை அடைக்கும். விற்பவர் இதைச் சொல்ல மாட்டார்.

காம்பு நீள்வது தனிச் சங்கதி. காளானும் நம்மைப் போலக் கரியமில வாயுவை விடுகிறது. அது அறையில் தேங்கினால் காளான் காற்றைத் தேடிக் கழுத்தை நீட்டும். இதற்கு ஆறு அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று போதும். உங்கள் அறை 900 கன அடி, அதாவது சுமார் 25 கன மீட்டர். மணிக்கு 250 கன மீட்டர் தள்ளும் விசிறி கணக்குப்படி ஆறு நிமிடத்தில் அறைக் காற்றை மாற்றிவிடும். நாள் முழுக்க ஓடினால் ஈரம் போய்விடும். அதனால் 24 மணி நேர டைமர் ஒன்று வாங்குங்கள், சுற்றிலும் 96 பின் இருக்கும் வகை. ஒரு பின் கால் மணி நேரம். கால் மணி ஓட, கால் மணி ஓய்வு என்று தொடங்கி, காம்பைப் பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். வித்து பரவும் நாட்களில் இவ்வளவு காற்று தேவையில்லை.

வாங்கும்போது பிளாஸ்டிக் உடல் கொண்டதைப் பாருங்கள். அந்த ஈரத்தில் இரும்பு துருப்பிடித்துவிடும். முக்கியமான ஒன்று: கதவை இறுக மூடிவிட்டு எக்ஸாஸ்டை மட்டும் போட்டால் காற்று எங்கிருந்து வரும்? எதிர்ச் சுவரில் விசிறியைப் போல இரண்டு மடங்கு பெரிய திறப்பு விட்டு, ஈ புகாமல் 40 மெஷ் (அங்குலத்துக்கு 40 கண்) நைலான் வலை கட்டுங்கள். அதன் முன்னால் நனைத்த சணல் சாக்கைத் தொங்கவிட்டால் வரும் காற்று குளிர்ந்து வரும். விசிறி பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்க்காமல் இருக்கட்டும். ஃபில்டரை விட இது உறவைக் காப்பாற்றும்.

கேள்வி: நாற்றத்தைப் போக்க ஓசோன் மெஷின் என்று ஒன்று விற்கிறார்களே?

பதில்: வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம். ஓசோன் நுரையீரலைப் புண்ணாக்கும் வாயு. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இன்னும் மோசம். நீங்கள் பயப்பட வேண்டியது காளான் தூளுக்கும்தான். தொடர்ந்து சுவாசித்தால் இருமலும் மூச்சுத் திணறலும் வரும். தொப்பியின் ஓரம் மேலே சுருளும் முன் பறித்துவிடுங்கள். உள்ளே போகும்போது மாஸ்க் போடுங்கள்.

கேள்வி: முன்பே வாங்கிய விசிறி, அதன் பெட்டியில் அச்சிட்ட அளவுக்குக் காற்றை இழுக்கவில்லை. கடைக்காரர் திருப்பி எடுக்க மறுக்கிறார்.

பதில்: பெட்டியில் இருப்பது எதிரே தடையே இல்லாதபோது எடுத்த அளவு. வலையும் குழாயும் வந்தால் குறையத்தான் செய்யும். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரு முறை ஓடவிடுங்கள். அப்போதும் சோம்பலாகச் சுற்றினால் வீடியோ எடுத்து, பில்லுடன் எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். பில் இல்லாமல் வாங்கியிருந்தால் பேச்சு கஷ்டம்தான்.