பக்கவாசல் (கடிதமும் பதிலும்)

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

ஈரோட்டிலிருந்து நாங்கள் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. என் மகளுக்கு 14 வயது. முதல் ஆண்டு முழுவதும் பள்ளியில் மதிய உணவைத் தனியாகவே உண்டிருக்கிறாள் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. இப்போது வாரத்தில் மூன்று மாலைகள் அருகிலுள்ள இளைஞர் மன்றத்துக்குச் சென்று, அங்கு நடக்கும் நாடகங்களுக்கு விளக்குகளைக் கவனித்துக்கொள்கிறாள். கூச்சம் போய்விட்டது. ஆனால் அழைத்துவரச் செல்லும் தன் தாயிடம், "உள்ளே வராதேம்மா, காரிலேயே இரு" என்கிறாள். ஊரில் தையலகம் நடத்திய என் மனைவி புடவையோடு காரில் காத்திருக்கிறாள். இந்த மன்றம் எங்கள் பிள்ளையை எங்களிடமிருந்து பிரிக்கிறதா?

ஒரு வாசகர், சிகாகோ

அன்புள்ள நண்பருக்கு,

பிரிக்கிறது என்று நான் நினைக்கவில்லை. புதிதாக வந்த பிள்ளையைப் பள்ளி, உச்சரிப்பிலும் மதிப்பெண்ணிலும் என்ன குறைகிறது என்றே பார்க்கும்படி அமைந்திருக்கிறது. மன்றத்திலோ உங்கள் மகள் வராவிட்டால் மேடை இருட்டாக இருக்கும்; தன்னை எதிர்பார்த்து நாலு பேர் இருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஆசிரியரும் அல்லாத, பெற்றோரும் அல்லாத ஒரு பெரியவர் பொறுப்பை நம்பி ஒப்படைப்பது, எத்தனை அறிவுரை சொன்னாலும் வராத துணிவை அந்த வயதில் தந்துவிடும்.

தாயைக் காரில் இருத்தும் சிக்கல் உங்கள் நகரத்துக்குப் பழையது. சமூகப் பணியாளர்களான ஜேன் ஆடம்ஸும் எல்லன் கேட்ஸ் ஸ்டாரும் 1889இல் ஹால்ஸ்டெட் தெருவில் தொடங்கிய ஹல் ஹவுஸ் என்ற சமூக நல இல்லம், இத்தாலியர், கிரேக்கர், ரஷ்ய யூதர் என்று வந்து குவிந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு மன்றங்களும் வகுப்புகளும் நடத்தியது. அங்கே சமையல் வகுப்புக்கு வந்த ஏஞ்சலீனா என்ற இத்தாலியப் பெண், அதே மாலையில் நூல் நூற்க வரும் தன் தாயை முன்வாசலில் விட்டுவிட்டுத் தான் மட்டும் பக்கவாசல் வழியாக நுழைவாளாம். தலையில் துணி கட்டி, முரட்டுக் காலணி அணிந்த அந்த அம்மாளோடு தோழிகள் தன்னைச் சேர்த்துப் பார்த்துவிடக் கூடாதே என்ற கவலை.

1900இல் ஆடம்ஸ் அங்கு தொழில் அருங்காட்சியகம் ஒன்றை அமைத்து, குடியேறிய முதியவர்களைக் கொண்டே அவர்களுடைய கைத்தொழில்களைச் செய்துகாட்ட வைத்திருந்தார். ஒருநாள் அந்தத் தாயைச் சுற்றிப் பார்வையாளர்கள் வியந்து நிற்பதை மகள் பார்த்தாள். மலை விளிம்பிலிருந்து நூற்புக் கதிரைக் கீழே தொங்கவிட்டு நூற்கும் ஊரில் வளர்ந்ததால் வந்த கைத்திறன் அது என்று ஆடம்ஸ் அவளுக்கு விளக்கினார். அதன்பின், கட்டிலுக்கடியில் பெட்டியில் கிடந்த ஊர் உடைகளை வெளியே எடுக்கத் தாயை அனுமதித்தாள். இருவரும் ஒரே வாசல் வழியாக வந்தார்கள். ஆடம்ஸ் 1910இல் வெளியிட்ட தன் நினைவுகளில் இதை எழுதியிருக்கிறார். ஹல் ஹவுஸ் இன்று பல்கலைக்கழக வளாகத்துக்குள் அருங்காட்சியகமாக இருக்கிறது. குடும்பத்தோடு போய்ப் பாருங்கள்.

மன்றங்கள் ஆண்டுக்கொருமுறை சமோசா பரிமாறிக் கொண்டாடும் பண்பாட்டு நாளில் எனக்கு நம்பிக்கையில்லை. அங்கே அம்மாக்கள் காட்சிப்பொருள்களாகவே நிற்கிறார்கள். நாடகம் போடும் இடத்தில் உடை தைக்க ஆள் எப்போதும் தேவைப்படும். அதை உங்கள் மனைவி மன்றத்தாரிடம் கேட்பதற்கு முன் மகளிடம் கேட்கட்டும், ஏனென்றால் அது அவள் தானாகச் சம்பாதித்த இடம். அவள் வேண்டாம் என்றால் இன்னும் சில மாதம் காரில்தான் இருக்கவேண்டியிருக்கும்.

அன்புடன்