ஹீம்ஸ்கெர்க் வரைந்த ரோம் தேவாலயங்கள்: கேள்வி பதில்

கேள்வி: புனித பேதுரு பேராலயத்தை இவர் வரைந்த படங்களில் குவிமாடம் இல்லையே?

பதில்: அப்போது அது கட்டப்படவே இல்லை. ஹாலந்து ஓவியரான மார்ட்டன் வான் ஹீம்ஸ்கெர்க் 1532ல் ரோமுக்கு வந்தார். புதுப் பேராலயத்துக்கு 1506ல் அடிக்கல் நாட்டினார்கள். அதைத் திட்டமிட்ட பிரமாந்தே 1514ல் காலமானார். 1527ல் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் படை ரோமைச் சூறையாடியதும் வேலை படுத்துவிட்டது. ஆக, ஹீம்ஸ்கெர்க் கண்டது நான்கு பெருந்தூண்கள், அவற்றை இணைக்கும் வளைவுகள், மேலே வெறும் வானம். வளைவுகளில் செடி மண்டிக்கிடப்பதைக்கூட விடாமல் வரைந்திருக்கிறார். அடியில், பலிபீடத்தில் மழை படாமலிருக்க எழுப்பிய சின்னக் கல்மண்டபம். பக்கத்திலேயே ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்துப் பழைய பேராலயத்தின் நடுக்கூடம் இன்னும் நிற்கிறது. எது பழையது, எது புதியது என்றே குழம்பும். எனக்குப் பிடித்ததும் அதுதான்.

கேள்வி: எதில் வரைந்தார்?

பதில்: பெரும்பாலும் பேனா, பழுப்பு மை.

கேள்வி: குவிமாடம் மைக்கேலாஞ்சலோவுடையதுதானே, ஏன் காட்டவில்லை?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். அவர் பொறுப்பேற்றது 1547ல், மாடம் முடிந்தது 1590ல்.

கேள்வி: இவருடைய ரோம் படங்கள் என்று பெர்லினில் இருக்கும் இரண்டு ஆல்பங்களும் இவர் வரைந்தவைதானே?

பதில்: இல்லை! பல தாள்கள் வேறு கைகள். படத்தைப் பகிர்பவர்கள் தயவுசெய்து 'ஹீம்ஸ்கெர்க் ஆல்பம்' என்று போடுங்கள், 'ஹீம்ஸ்கெர்க்' என்று மட்டும் போடாதீர்கள்.

கேள்வி: நேரில் பார்த்து வரைந்தவைதானே, போட்டோ மாதிரி நம்பலாமா?

பதில்: கட்டுமானம் எந்தக் கட்டத்தில் இருந்தது என்பதற்கு நம்பலாம். உயரம், தூரம் கணக்கிட வேண்டாம். பிரமாந்தேவுக்குப் பிறகு பேராலயப் பொறுப்பேற்ற ரபேல் 1519 வாக்கில் போப் பத்தாம் லியோவுக்கு எழுதிய கடிதத்தில் கட்டடக்காரருக்குத் தரைப்படம், வெளிமுகம், உள்முகம் என்று தனித்தனியாக வேண்டும் என்கிறார். ஹீம்ஸ்கெர்க்கோ ஓவியராகத்தான் வரைகிறார். ஓரிடத்தில் நின்று, கண்ணுக்குத் தெரிந்ததைப் போடுகிறார்.

கேள்வி: அப்படியானால் கட்டடக்காரர் வரைந்ததை மட்டும் நம்பலாமா? கட்டடக்காரர் ஜூலியானோ தா சங்கல்லோ இஸ்தான்புல்லின் ஹாகியா சோஃபியாவை அங்கே போகாமலேயே வரைந்தாரே?

பதில்: சரியான அடி. அங்கே போய்வந்த பயணி அன்கோனாவின் சிரியாக்கோ வரைந்ததைப் பார்த்துப் பிரதி எடுத்தார் சங்கல்லோ. அதனால்தான் யார் வரைந்தார் என்பதோடு எதைப் பார்த்து வரைந்தார் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. பெர்லின் ஆல்பத் தாள்களுக்கும் இதே கேள்விதான், மறுபடியும் சொல்கிறேன்.

கேள்வி: பெர்லின் போனால் பார்க்க முடியுமா?

பதில்: தாளுக்கு வெளிச்சம் ஆகாது, நிரந்தரமாக மாட்டி வைப்பதில்லை. கண்காட்சி நடக்கும்போது போங்கள்.

கேள்வி: குவிமாடம்...

பதில்: 1590.