வைட்டமின் டி குறைவுக்குக் காளான் போதுமா?

அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி 9 என்று வந்திருக்கிறது, முட்டைகூடத் தொடமாட்டார், டாக்டர் எழுதிய 60,000 யூனிட் மருந்துக்குப் பதிலாகத் தினமும் காளான் கொடுத்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. 9 என்பது ரொம்பவே குறைவு. முதலில் அந்த மருந்தை முழுசாக முடிக்கட்டும். காளானைக் கூடவே சேர்த்துக்கொள்ளலாம்.

காளானில் டி இருக்கிறது என்று ஊரே சொல்வது பாதி உண்மைதான். கடையில் வாங்கும் பட்டன் காளான் இருட்டறையில் வளர்ந்தது, அதில் டி இல்லையென்றே சொல்லலாம். எர்கோஸ்டெரால் என்ற பொருள் இருக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால்தான் அது வைட்டமின் டி-யின் ஒரு வகையான டி2 ஆக மாறும். அதனால் மெல்லிசாக நறுக்கி, ஒன்றன்மேல் ஒன்று படாமல் தட்டில் பரப்பி, உச்சி வெயிலில் அரை மணி நேரம் மொட்டைமாடியில் வையுங்கள். கண்ணாடி ஜன்னலுக்கு உள்ளே வைத்தால் வேலைக்கு ஆகாது. ஓரமெல்லாம் சுருங்கிப் பழுப்பாகும், பயப்பட வேண்டாம். இப்படி வைத்த 100 கிராமில் 400 யூனிட் அளவுக்குக் கிடைக்க வாய்ப்புண்டு. பெரியவர்களுக்கு ஒருநாள் தேவை சுமார் 600. சமைத்தாலும் பெரும்பகுதி தங்கிவிடும்.

சுத்த சைவம் என்பதால் பி12-ஐயும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், அதற்குக் காளானை நம்ப முடியாது. புரதமும் 100 கிராமுக்கு 3 கிராம்தான், எனவே பருப்பைக் குறைக்காதீர்கள். அப்புறம், சிறுநீரகக் கோளாறு ஏதாவது இருந்தால் காளானில் பொட்டாசியம் உண்டு என்பதால் டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.