சுனாமி இடிபாடு அள்ளியவருக்கு இப்போது இருமல்: எங்கே போவது?

கேள்வி: 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையின் திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாவில் இரண்டு மாதம் இடிபாடு அள்ளினேன். உடைந்த அஸ்பெஸ்டஸ் சீற் நிறையக் கிடந்தது. இப்போது ஒரு மாதமாக இருமல், படியேறினால் மூச்சு வாங்குகிறது. அந்தத் தூசியால் புற்றுநோய் வந்திருக்குமா? 15,000 ரூபா தந்தால் இரத்தப் பரிசோதனை செய்து, அமெரிக்க நஷ்டஈட்டுக்கும் பதிந்து தருவதாக ஒருவர் சொல்கிறார்.

பதில்: அந்தக் காசை முதலில் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டைப் பிரதி, வங்கிப் புத்தகப் பிரதி எதையும் கொடுக்காதீர்கள். அமெரிக்க நிதி 2001 செப்டம்பர் தாக்குதல் நடந்த இடங்களில் இருந்தவர்களுக்கு உரியது. கிண்ணியாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அஸ்பெஸ்டஸ் நோயை இரத்தத்தில் கண்டுபிடித்துச் சொல்லும் பரிசோதனையும் கிடையாது. நோயாளியின் பயத்தை வைத்துப் பிழைப்பவர்களை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

சரி, புற்றுநோய்? அஸ்பெஸ்டஸ் தூசியால் நுரையீரல் தழும்பாவது பெரும்பாலும் வருடக்கணக்கில் சுவாசித்தவர்களுக்கு. இரண்டு மாத வேலைக்கு அந்த ஆபத்தும் புற்றுநோய் ஆபத்தும் குறைவு, ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. உங்கள் இருமலுக்கு நான் முதலில் சந்தேகப்படுவது காசநோயை. இரண்டு வாரம் தாண்டிய இருமல் என்றாலே சளி பார்க்க வேண்டும். திருகோணமலை மார்பு நோய் கிளினிக்கில் அதை இலவசமாகப் பார்ப்பார்கள், மருந்தும் இலவசம். புகைப்பவராக இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

நீங்கள் எழுதாத ஒன்று இருக்கிறது. அள்ளியதோடு நின்றீர்களா, அப்புறம் வீட்டுத்திட்டங்களில் கூரை வேலைக்கும் போனீர்களா? கிரைண்டரால் சீற் வெட்டும்போது புருவமெல்லாம் வெள்ளையாகுமே, அந்த வேலையை வருடக்கணக்கில் செய்தவர் என்றால் நான் மேலே சொன்ன ஆறுதல் உங்களுக்குப் பொருந்தாது. நோய் 20, 30 வருடம் கழித்தும் வரலாம். சிகரெட்டும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பலமடங்கு ஏறும். உங்கள் சாரத்தை உதறித் துவைத்த மனைவியும் அந்தத் தூசியைச் சுவாசித்தவர்தான், அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். எக்ஸ்ரேயும் மூச்சு ஊதிப் பார்க்கும் பரிசோதனையும் தேவை. எந்த வேலை, எத்தனை வருடம் என்று ஒரு தாளில் எழுதிக் கிளினிக் கொப்பியில் ஒட்டுங்கள். நெரிசலில் மருத்துவர் கேட்கமாட்டார்.

நியூயோர்க்கில் அந்தத் தாக்குதலின் இடிபாட்டில் வேலை செய்தவர்களை வருடா வருடம் பரிசோதிக்க 2010இல் சட்டமே போட்டார்கள். இங்கே உங்களைத் தேடிவந்து கேட்க ஒரு திட்டமும் இல்லை. 2018 முதல் அஸ்பெஸ்டஸ் இறக்குமதியைக் கட்டுப்படுத்தப் போவதாகச் சொன்னார்கள். நமக்கு அஸ்பெஸ்டஸ் விற்கும் ரஷ்யா நம் தேயிலை வாங்குவதை நிறுத்தியதும் அதையும் கைவிட்டார்கள். சீற் இன்றைக்கும் கடையில் அடுக்கிக் கிடக்கிறது.

சளியில் இரத்தம், காரணமில்லாமல் எடை குறைதல், விலாவில் விடாத வலி, இவற்றில் ஒன்று இருந்தாலும் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.