ஒரு வாசல், இரண்டு அடுப்படி
(வீடு கட்டுவோர் கேள்வி – பதில்)

கேள்வி: மாமனார், மாமியார், நாங்கள் இருவர், கொழுந்தனாரும் அவர் மனைவியும், இரு குடும்பத்துக்குமாக மூன்று பிள்ளைகள் என ஒன்பது பேர். கணவரை இழந்து எங்களோடு இருக்கும் மாமனாரின் அக்காவைச் சேர்த்தால் பத்துப் பேர். ஆறு சென்ட் மனையில் எல்லோருக்குமாக ஒரே வீடு கட்டுகிறோம். என் ஓரகத்தி இரவுப் பணிக்குச் செல்பவர். அதனால் மாடியிலும் ஒரு சமையலறை வேண்டும் என்கிறோம். "ஒரு வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்தால் பிரிந்துவிட்டார்கள் என்றுதான் ஊர் பேசும்" என்கிறார் மாமியார். மாடிப்படி வீட்டுக்கு உள்ளேயா, வெளியேயா என்பதிலும் முடிவு எட்டவில்லை. மாமனாரின் அக்கா கூடத்திலேயே படுத்துக்கொள்வார். வரைபடத்தை இணைத்துள்ளேன்.
– வாசகி, புதுக்கோட்டை

பதில்: தங்கள் மாமியாரின் அச்சத்தை நான் தள்ளிவிட மாட்டேன். அடுப்பு தனியாகும்போது பேச்சும் தனியான வீடுகளை அவர் பார்த்திருப்பார். ஆனால் தங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் காரைக்குடியும் கானாடுகாத்தானும் இருக்கின்றன. அங்குள்ள நகரத்தார் வீடு ஒன்றுக்கு அவரை ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். முகப்பைக் கடந்தால் வளவு, அதாவது நடுவில் முற்றம் உள்ள உட்கட்டு. வளவின் இரு பக்கமும் வரிசையாக அறைகள். திருமணமான ஒவ்வொரு மகனுக்கும் அவற்றில் உரிமை உண்டு. மகனுக்குத் திருமணமானதும் 'வேறு வைப்பது' அவர்கள் வழக்கம். அந்தத் தம்பதிக்கு அரிசி, பாத்திரம், அடுப்பு, வரவு செலவு எல்லாம் தனி. வாசலும் வளவும் வீட்டு விசேஷங்களும் எல்லோருக்கும் பொது. அடுப்பைத் தனியாக்கியதால் அந்த வீடுகள் உடையவில்லை என்பது மட்டுமன்று, அத்தனை குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் இருக்க முடிந்ததற்கு அந்த ஏற்பாடும் ஒரு காரணம் என்றே நான் நம்புகிறேன்.

ஆகவே கீழே பெரிய சமையலறையும், மாடியில் ஆறுக்கு எட்டு அடியில் ஒரு சிறிய அடுப்படியும் வையுங்கள். விடியற்காலையில் பணி முடிந்து வரும் ஓரகத்தி, யாரையும் எழுப்பாமல் நான்கு இட்லியைச் சூடுசெய்து உண்டுவிட்டு உறங்கப் போக முடியும். இன்று அங்கே அடுப்பு வைக்க வேண்டாம் என்று மாமியார் உறுதியாக நின்றாலும், தண்ணீர்க் குழாயையும் கழிவுநீர்க் குழாயையும் மின்கம்பியையும் இப்போதே கொண்டுபோய் விட்டுவிடுங்கள். பத்தாண்டு கழித்துத் தேவைப்படும்போது தரையை உடைத்துக் குழாய் பதிக்க நேர்ந்தால், செலவைவிட அந்த நேரத்து மனக்கசப்புதான் பெரிதாக இருக்கும்.

கீழ்ச் சமையலறையில் இரண்டு பேர் முதுகு உரசாமல் கடந்து செல்ல மேடைகளுக்கு இடையே நான்கு அடி வேண்டும்; தங்கள் வரைபடத்தில் இரண்டே முக்கால் அடிதான் இருக்கிறது. மேடையின் ஒரு பகுதியை மட்டும் இருபத்தெட்டு அங்குல உயரத்துக்குத் தாழ்த்தி, ஒரு முக்காலியும் போட்டுவிட்டால், மாமியார் உட்கார்ந்தபடியே கீரை ஆய்வார், காய் நறுக்குவார். சமையலறையை விட்டு வயதானவரை விலக்கிவிடாமல் இருக்க இந்த நான்கடி நீள மேடை போதும். கிரைண்டரைப் படுக்கை அறைச் சுவரை ஒட்டி வைக்க வேண்டாம்.

இனி மாடிப்படி. என் அனுபவத்தில் கூட்டுக்குடும்ப வீட்டில் சமையலறையைவிடப் படிக்கட்டே அதிகச் சங்கடத்தைத் தருகிறது. படி கூடத்துக்குள் இருந்தால், நள்ளிரவில் வருபவரும் விடியலில் போகிறவரும், கணவனோடு சிறு பிணக்கில் இருப்பவரும்கூட, எல்லோர் கண்ணெதிரிலும் நடந்துதான் ஏற வேண்டும். படி முழுவதும் வெளியே இருந்தால் மாடியில் இருக்கும் மகன் தாயின் முகத்தைப் பாராமலே ஒரு வாரம் ஓடிவிடும். பழைய தஞ்சாவூர் வீடுகளில் திண்ணைக்கும் கூடத்துக்கும் நடுவே ரேழி என்றொரு நடை இருக்குமே, அதை மீண்டும் கொண்டுவாருங்கள். தெருவாசல் ஒன்றே, உள்ளே நுழைந்ததும் ஆறடி அகல ரேழி, அங்கே ஒரு கதவு கூடத்துக்கும், மற்றொரு கதவு படிக்கட்டுக்கும் திறக்கட்டும். எல்லோரும் செருப்பைக் கழற்றுவதும் குடையை மாட்டுவதும் ஒரே இடத்தில் நடக்கும். கூடத்துக் கதவு திறந்திருந்தால் எட்டிப் பார்த்து இரண்டு வார்த்தை பேசிவிட்டு மேலே போகலாம். சாத்தியிருந்தால் நேரே போகலாம். கதவைச் சாத்தினால் கோபம் என்று யாரும் பொருள் கொள்ளாதபடி அமைவதுதான் இந்த வீட்டுக்கு முதல் தேவை.

வரைபடத்தில் இருக்கும் இரண்டு மாடி உயரக் கூடத்தை நான் எதிர்க்கிறேன். பதினெட்டுக்கு இருபத்து நான்கு அடியில் அதை அமைத்தால் மாடியில் 432 சதுர அடித் தரை இல்லாமல் போகிறது. அது குளியலறையோடு கூடிய இரண்டு படுக்கை அறைகளின் இடம். மேலும், பகலில் உறங்கும் ஒருவர் மாடியில் இருக்கும்போது, கீழே ஓடும் தொலைக்காட்சியின் ஒலி முழுவதும் அந்தத் திறப்பின் வழியே மேலேறும்.

மாமனார், மாமியாரின் அறையைப் பொறியாளர் பின்பக்கம், அமைதியான மூலை என்று கருதி வைத்திருக்கிறார். அவருடைய நோக்கம் நல்லது. ஆனால் எழுபது வயதுக்கு மேல் அமைதியைவிட ஆள் நடமாட்டம் பெரிய ஆறுதல். அந்த அறையை முன்பக்கத்துக்குக் கொண்டுவந்து, கட்டிலில் படுத்தபடியே வாசலைப் பார்க்கும்படி தாழ்வான ஜன்னல் ஒன்று வையுங்கள். பால்காரர் வருவதும் பேத்தி பள்ளியிலிருந்து திரும்புவதும் அவர்கள் கண்ணில் பட வேண்டும்.

தாங்கள் ஒரே வரியில் எழுதிக் கடந்துபோன ஒன்றைத்தான் நான் பலமுறை படித்தேன். பத்துப் பேர் வாழப்போகும் புதிய வீட்டில் ஒன்பது பேருக்கு அறை இருக்கிறது; மாமனாரின் அக்கா மட்டும் கூடத்தில் படுத்துக்கொள்வார். அவர் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார். அவர் நிலையில் இருப்பவர்கள் எப்போதும் அப்படித்தான் சொல்வார்கள். கூடத்தில் படுப்பவர், வீட்டில் கடைசி ஆள் தொலைக்காட்சியை அணைக்கும்வரை உறங்க முடியாது. முதல் ஆள் விழிக்கும்போது பாயைச் சுருட்டியாக வேண்டும். புடவை மாற்றுவதற்கு யாருடைய அறையாவது காலியாகும்வரை காத்திருக்க வேண்டும். கூடத்தைப் பதினெட்டுக்குப் பதினெட்டாகக் குறைத்து, பொது நடைவழியிலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டால், பத்துக்குப் பத்து அடியில் ஓர் அறை கிடைக்கிறது. அதில் ஒரு ஜன்னலும், பூட்டும் சாவியும் உள்ள ஒரு சுவர் அலமாரியும், உள்ளிருந்து தாழிடும் கதவும் வையுங்கள். திருத்திய வரைபடத்தில் அந்த அறையின்மேல் விருந்தினர் அறை என்று எழுதாமல், 'பெரியம்மா அறை' என்றே எழுதச் சொல்லுங்கள். மற்ற மாற்றங்களில் எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

கேள்வி: அப்பாவுக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறது. புது வீட்டின் தரை சாலையிலிருந்து மூன்றடி உயரம். வாசலில் சாய்தளம் வைத்தால் போதுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஓர் அடி ஏறப் பன்னிரண்டு அடி நீளம் என்பதுதான் பாதுகாப்பான சரிவுக்கு உரிய அளவு. மூன்றடிக்கு முப்பத்தாறு அடி ஆகிறது. அதைவிடச் செங்குத்தான சாய்தளத்தில் சக்கர நாற்காலியைத் தள்ளுவதும் கடினம், இறக்குவது ஆபத்து. கார் நிற்கும் இடத்தின் தரையைச் சாலையிலிருந்தே மெல்ல உயர்த்திக்கொண்டு போனால் அங்கேயே ஒன்றரை அடி ஏறிவிடலாம். எஞ்சிய ஒன்றரை அடிக்குப் பக்கவாட்டில் பதினெட்டு அடிச் சாய்தளம் போதும். திரும்பும் இடத்திலும் கதவின் முன்னும் ஐந்தடிச் சதுரச் சமதளம் விடுங்கள். அதோடு, கைத்தடியுடன் நடப்பவருக்குச் சில சமயம் சரிவைவிடப் படியே எளிது. ஆகவே ஆறு அங்குல உயரமும் பன்னிரண்டு அங்குல அகலமும் உள்ள ஆறு படிகளை இருபுறக் கைப்பிடியோடு அமைப்பதும் அவசியம்.

வாசலைவிடக் குளியலறைதான் எனக்குக் கவலை. என் தாயாரின் கடைசி ஆண்டுகளில், கட்டிலிலிருந்து குளியலறைவரை சுவரில், தரையிலிருந்து இரண்டே முக்கால் அடி உயரத்தில், ஒரு பழுப்புக் கோடு விழுந்திருந்தது. தலைக்கு எண்ணெய் தடவிய கையால் அவர் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்த தடம் அது. இருபதாண்டு வீடு கட்டிப் பழகிய நான் அதை அழுக்கு என்று எண்ணி இரண்டு முறை வண்ணம் பூசச் செய்தேன். மூன்றாம் முறை கோடு அதே இடத்தில் விழுந்தபோதுதான், அவருக்கு அங்கே ஒரு கைப்பிடி தேவைப்படுகிறது என்று புரிந்தது. தாங்கள் இப்போது குடியிருக்கும் வீட்டின் சுவர்களையும் கதவு நிலைகளையும் பாருங்கள். அப்பாவின் கை எங்கே படுகிறதோ அந்த உயரத்தை அளந்து, புதிய வீட்டில் அங்கெல்லாம் கைப்பிடிக்கு இடம் குறியுங்கள். இலேசான கட்டுக்கல்லால் எழுப்பும் சுவரானால், கைப்பிடி வரும் இடத்தில் மட்டும் கான்கிரீட் நிரப்பச் சொல்லுங்கள். இல்லையேல் ஆள் பாரம் ஏறும்போது திருகு கழன்று வந்துவிடும். குளியலறைக் கதவு மூன்றடி அகலத்தில், வெளிப்பக்கம் திறப்பதாக இருக்கட்டும். உள்ளே ஒருவர் கதவோரம் விழுந்துவிட்டால், உட்பக்கம் திறக்கும் கதவை யாராலும் தள்ளித் திறக்க முடியாது.

கேள்வி: பழைய வீட்டில் இருந்ததுபோல நடுவில் முற்றம் வைத்து, மேலே கண்ணாடி போட்டு மூடிவிடலாம் என்று நினைக்கிறோம். சரியா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: முற்றம் வையுங்கள், கண்ணாடியால் முழுவதும் மூட வேண்டாம். சித்திரை வெயிலில் அது வீட்டின் நடுவே வைத்த அடுப்பாகிவிடும். திருட்டுக்கும் குரங்குக்கும் பயந்தால் இரும்புக் கம்பி வலை போதும். மழைச் சாரலும் கூடாது என்றால் கண்ணாடியைக் கூரையிலிருந்து இரண்டடி உயர்த்தி, நான்கு பக்கமும் வெப்பக்காற்று வெளியேற வழிவிட்டு அமையுங்கள். மூடாத முற்றமானால் மழைநீரைச் சேகரிப்புத் தொட்டிக்குக் கொண்டுபோக நான்கு அங்குலக் குழாய் இரண்டாக இருக்க வேண்டும். ஐப்பசி அடைமழையில் நள்ளிரவில் ஒரு குழாயை இலை அடைத்துக்கொண்டாலும், கூடத்துக்குள் தண்ணீர் ஏறாமல் மற்றொன்று இறக்கிவிடும்.