மலைமேல் ஆட்டோமேட்டிக் கார்: கியர் ஆயிலை வீட்டிலேயே மாற்றலாமா?

கேள்வி: கோத்தகிரியில் இருக்கிறோம். பத்து வருடப் பழைய செடான் கார், 4 கியர் ஆட்டோமேட்டிக், கியர் ஆயில் அளவு பார்க்கும் குச்சி (டிப்ஸ்டிக்) உண்டு. செகண்ட் ஹேண்டில் வாங்கினோம், 82,000 கி.மீ. ஓடியிருக்கிறது. கியர் ஆயில் மாற்றியதற்கு எந்த பில்லும் இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது, வளைவு தாண்டி மிதித்தால் ஒரு நொடி தயங்கி, பிறகு இடித்துக்கொண்டு இழுக்கிறது. சர்வீஸ் சென்டரில் "கார் இருக்கும்வரை அந்த ஆயில் போதும், தொடாதீர்கள்" என்கிறார்கள். வெளி மெக்கானிக் மெஷின் வைத்து ஃப்ளஷ் (அழுத்தத்தில் புது ஆயிலைத் தள்ளிப் பழையதை வெளியேற்றுவது) செய்யச் சொல்கிறார். ஆயிலையும் ஃபில்டரையும் நானே மாற்றிக்கொள்ள முடியுமா?

பதில்: முடியும். ஃப்ளஷ் மட்டும் வேண்டாம். ஆனால் ஸ்பானரைத் தொடுவதற்கு முன் இப்போதுள்ள ஆயிலின் அளவைப் பாருங்கள் (பார்க்கும் விதம் கீழே). நீங்கள் சொல்லும் தயக்கம், ஆயில் குறைந்திருந்தாலும் வரும். மேட்டில் ஏறும்போது கியர்பாக்ஸின் அடித்தொட்டியில் (ஆயில் பேன்) இருக்கும் ஆயில் பின்பக்கம் ஓடும். கொண்டை ஊசி வளைவில் பக்கவாட்டிலும் சாயும். அளவு அரை லிட்டர் குறைந்திருந்தால்கூட அந்த நேரத்தில் பம்ப் காற்றை உறிஞ்சும், அழுத்தம் விழும், கிளட்ச் பிடிக்காது. சமதளத்தில் இது தெரியவே தெரியாது. அளவு குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது. ஆக்ஸில் சீல், ரேடியேட்டருக்குப் போகும் கூலர் ஹோஸ், ஆயில் பேன் பேக்கிங் மூன்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். அதைச் சரிசெய்யாமல் புது ஆயில் ஊற்றினால் காசு ரோட்டில் சொட்டும்.

"தொடாதீர்கள்" என்ற பேச்சை விட்டுவிடுங்கள். காரோடு வந்த கையேட்டின் பராமரிப்பு அட்டவணையைப் புரட்டினால், பல கம்பெனிகள் 'கடுமையான பயன்பாடு' என்று ஒரு தனிப் பகுதி வைத்திருப்பது தெரியும். மலைப்பாதை அதில்தான் வரும். மேட்டுப்பாளையத்திலிருந்து உங்கள் ஊருக்கு ஏறக்குறைய 33 கி.மீ. தூரத்தில் 1,450 மீட்டர் ஏற்றம். அந்த ஏற்றத்தில் பெரும்பாலும் டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சினின் சக்தியை ஆயில் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) வழுக்கிக்கொண்டேதான் வேலை செய்யும். எஞ்சின் சுற்றுக்கும் கியர்பாக்ஸ் சுற்றுக்கும் உள்ள வித்தியாசம் அப்படியே ஆயிலில் சூடாக இறங்கும். சூடு 10 டிகிரி கூடினால் ஆயிலின் ஆயுள் பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் பொதுவான கணக்கு. மலையில் ஓடும் இந்த மாதிரி காருக்கு 40,000 கி.மீ.க்கு ஒரு முறை என்று வைத்துக்கொண்டால் தப்பில்லை. இந்தச் சாதாரண விஷயத்தைக் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவர் சொல்லமாட்டார். அவர் கம்ப்யூட்டரில் உங்கள் காருக்கு எது வருகிறதோ அதைத்தான் வாசிப்பார். கார் எந்த ஊரில் ஓடுகிறது என்பதற்கு அந்தத் திரையில் இடமில்லை.

"பழைய கியர்பாக்ஸில் ஆயில் மாற்றினால் கியரே விழாது" என்று பயமுறுத்துவார்கள். இது எங்கிருந்து வருகிறது என்று சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் பாதி உண்மை இதில் இருக்கிறது. கியர்பாக்ஸுக்குள் கிளட்ச் தட்டுகளின் மேல் ஒரு உராய்வுப் பூச்சு உண்டு. பல வருடம் ஆயில் மாற்றாமல் ஓட்டினால் அந்தப் பூச்சு தேய்ந்து, தூளாக ஆயிலில் கலந்து நிற்கும். தேய்ந்த தட்டு ஏற்கெனவே வழுக்கத் தொடங்கியிருக்கும். அந்த நிலையில்தான் பலர் பயந்துபோய் ஆயில் மாற்ற வருகிறார்கள். மாற்றிய ஒரு வாரத்தில் கியர்பாக்ஸ் போய்விடும். பழி புது ஆயில்மேல் விழும். செத்துக்கொண்டிருந்தது தட்டு. மெஷின் ஃப்ளஷ் இதை இன்னும் மோசமாக்கும்: அழுத்தத்தில் தள்ளப்படும் ஆயில், மூலைகளில் படிந்த கசடைக் கிளப்பி, ஆயிலைத் திருப்பிவிட்டுக் கியரை மாற்றும் வால்வ் பாடியின் சிறு துவாரங்களில் கொண்டுபோய் அடைக்கும். உங்கள் கார் எந்த ரகம் என்று தெரிந்துகொள்ள டிப்ஸ்டிக்கை வெள்ளைக் காகிதத்தில் தொட்டுப் பாருங்கள். சிவப்பு, பழுப்புச் சிவப்பு என்றால் தாராளமாக மாற்றலாம். பழுப்பு, ஆனால் கருகிய வாசனை இல்லை என்றாலும் மாற்றலாம். கன்னங்கரேல், கருகிய வாசனை, சமதளத்திலேயே எஞ்சின் கத்தியும் வண்டி நகராமை, இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் மாற்றாதீர்கள். பிரஷர் கேஜ் வைத்திருக்கும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கடைக்குத்தான் அது போகவேண்டும். வளைவில் மட்டும் தயங்குகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதால் அந்த நிலைக்கு வந்திருக்காது என்றே நினைக்கிறேன். ஸ்ட்ராபெரி பால் மாதிரி இளஞ்சிவப்பாக இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் கலந்துவிட்டது, முதலில் ரேடியேட்டர்.

இனி ஆயில் வாங்குவது. ஏமாறுவது இங்கேதான். எந்த ஆயில் என்பது கையேட்டில் இருக்கும். பல கார்களில் டிப்ஸ்டிக் கைப்பிடியிலேயே பொறித்திருக்கும். டொயோட்டாவில் பழைய பெட்டிக்கு டி-4, புதியதற்கு டபிள்யூ.எஸ். ஹூண்டாயின் 4 கியருக்கு எஸ்.பி.-3, 6 கியருக்கு எஸ்.பி.-4. ஹோண்டாவுக்கு டி.டபிள்யூ.-1. ஒன்றுக்குப் பதில் இன்னொன்று ஆகாது. உராய்வு குணம் வேறு. கடைக்காரர் "எல்லா ஆட்டோமேட்டிக்குக்கும் இது போடலாம் சார்" என்று சிவப்பு ஆயில் ஒன்றை நீட்டுவார், பெரும்பாலும் டெக்ஸ்ரான்-3 என்று எழுதியிருக்கும். அந்த வகைக்கான உரிமத்தை ஜெனரல் மோட்டார்ஸ் 2006 முடிவோடு நிறுத்திவிட்டது. இன்று அந்தப் பெயரில் வருவது எதுவும் ஜெனரல் மோட்டார்ஸ் சோதித்து ஒப்புதல் தந்த சரக்கு அல்ல. கியர்பாக்ஸில் ஊற்றாதீர்கள். பேரலிலிருந்து லூஸாக அளந்து தரும் ஆயிலைத் தொடவே தொடாதீர்கள். சீல் உடையாத டப்பா, தயாரிப்புத் தேதி, ஜி.எஸ்.டி. பில் மூன்றும் வேண்டும். மெக்கானிக்கையே வாங்கிவரச் சொன்னால் கமிஷன் போகட்டும், டப்பாவையாவது உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள். செகண்ட் ஹேண்ட் கார் புரோக்கர்களில் சிலர், வழுக்கும் கியர்பாக்ஸில் கெட்டியான ஆயிலையோ 'ஸ்லிப் ஸ்டாப்' மருந்தையோ ஊற்றி, டெஸ்ட் டிரைவ் வரைக்கும் ஓட்டிக் காட்டிவிடுவார்கள். பில் இல்லாத காரில் அதற்கும் வாய்ப்பு உண்டு. ஆயில் வடிக்கும்போது தேன் மாதிரி இழுபட்டு விழுந்தால் புரிந்துகொள்ளுங்கள்.

6 லிட்டர் ஆயில், ஃபில்டர், அதன் ஓ-ரிங், பேன் பேக்கிங், டிரெயின் போல்ட் வாஷர் வாங்குங்கள். சக்கரத்துக்கு அண்டை கொடுக்க நல்ல மரக்கட்டை நான்கு, ஜாக்கி ஸ்டாண்ட் இரண்டு.

மலையில் இந்த வேலையின் பெரிய தொல்லை, சமமான தரை. நம் ஊரில் வாசல் என்றாலே சரிவுதான். 5 டிகிரி சரிவில் 30 செ.மீ. நீளத் தொட்டியின் இரு முனைக்கும் ஆயில் உயரத்தில் 2.6 செ.மீ. வித்தியாசம் வரும், டிப்ஸ்டிக்கில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவில் இருப்பதே ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான். கண்ணால் பார்த்து "சமம்தான்" என்று சொல்லாதீர்கள். கொத்தனாரிடம் இருக்கும் தண்ணீர் டியூபை வாங்கி, கதவுக்குக் கீழே முன்னும் பின்னும் இருக்கும் ஜாக்கி முனைகளில் பிடித்துப் பாருங்கள். இடதும் வலதும் அப்படியே. சமமான தரையில் காரை நிறுத்தி அந்த முனைகளின் உயரத்தை முன்பே அளந்து வைத்துக்கொண்டால் ஒப்பிட எளிது. தாழ்ந்த சக்கரங்களுக்கு அடியில் பலகை அடுக்கி, வித்தியாசம் ஒரு சென்டிமீட்டருக்குள் வரும்வரை சரிசெய்யுங்கள்.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. உங்கள் கார் முன்சக்கரம் இழுக்கும் வகை என்றால் 'பி'-யில் போட்டாலும் பூட்டுவது முன்சக்கரத்தை மட்டும்தான். முன்பக்கம் தூக்கியவுடன் அந்தப் பூட்டு காற்றில் நிற்கும். பின்சக்கரத்தில் ஹேண்ட் பிரேக்கும், இரு பக்கமும் கட்டையும் இல்லாமல் அடியில் படுக்காதீர்கள். வெறும் ஜாக்கி போதவே போதாது.

பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு, கை பொறுக்கும் அளவு ஆறவிடுங்கள். டிரெயின் போல்ட் எது என்று இருமுறை பாருங்கள்; எஞ்சின் ஆயில் என்று நினைத்து கியர் ஆயிலை வடித்துவிட்டு, எஞ்சினில் மேலும் 3 லிட்டர் ஊற்றிக் கெடுத்த கார்கள் ஏராளம். வடிந்ததை முழுவதும் பழைய தண்ணீர் கேனில் பிடித்து அளந்து எழுதுங்கள். பெரும்பாலான சிறிய கார்களில் 2.5 முதல் 4 லிட்டர் வரும். மிச்சம் டார்க் கன்வெர்ட்டரில் இருக்கும், அது வடியாது.

பேனின் போல்ட்டுகளை (பெரும்பாலும் 10 எம்.எம். சாக்கெட்) ஒரு மூலையை மட்டும் கடைசியாக விட்டுக் கழற்றுங்கள், அதில் இன்னும் அரை லிட்டர் இருக்கும், அதையும் கணக்கில் சேருங்கள். உள்ளே காந்தங்களில் மைபோல் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் சாதாரணம். மின்னும் செதில்களோ, விரலில் குத்தும் துணுக்குகளோ இருந்தால் தேய்மானம் கியரிலும் பேரிங்கிலும் தொடங்கிவிட்டது. ஃபில்டரைக் கழற்றும்போது அதன் போல்ட்டுகளின் நீளத்தைக் குறித்துவையுங்கள், மாறிப்போனால் உள்ளே இடிக்கும். பழைய ஓ-ரிங் ஃபில்டரோடு வராமல் மேலே துளையிலேயே ஒட்டிக்கொள்ளும். அதைப் பார்க்காமல் புதியதை அதன்மேல் ஏற்றினால் இடுக்கு வழியாகக் காற்று நுழையும். ஏற்றத்தில் வரும் அதே தயக்கம் புது ஆயிலோடும் வரும். "எல்லாம் மாற்றியும் சரியாகவில்லை" என்பவர்களில் பலருடைய கதை இதுதான். விரலால் தடவி எடுத்துவிட்டு, புதிய ஓ-ரிங்கில் புது ஆயில் பூசிப் பொருத்துங்கள்.

பேனைத் துடைக்க காட்டன் வேஸ்ட் கூடாது. ஒரு நூல் போதும், ஃபில்டரில் போய்ச் சிக்கும். பேக்கிங்கை உலர்ந்த நிலையில் வையுங்கள், மேலே சீலன்ட் தடவாதீர்கள். பிதுங்கி உள்ளே விழும் துண்டு ஃபில்டரை அடைக்கும். பேன் போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, இரண்டு சுற்றில் இறுக்குங்கள். பெரும்பாலும் 7 முதல் 12 நியூட்டன் மீட்டர்தான், அதாவது சிறிய ராட்செட்டில் விரல்பலம். இறுக்கம் கூடினால் பேன் வளைந்து அங்கிருந்தே கசியும்.

வடித்ததைவிட அரை லிட்டர் குறைவாக, டிப்ஸ்டிக் குழாய் வழியே நீள ஃபனலில் ஊற்றுங்கள். ஜாக்கி இறக்கி, சமமாக்கிய நிலையில் ஸ்டார்ட் செய்து, பிரேக்கை மிதித்தபடி லீவரை எல்லா இடத்திலும் நான்கைந்து நொடி நிறுத்தி 'பி'-க்குக் கொண்டுவாருங்கள். பிறகு இருபது நிமிடம் ஓட்டி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே (ஹோண்டாவில் மட்டும் அணைத்தவுடன்) 'ஹாட்' கோட்டில் பாருங்கள். மார்கழிக் குளிரில் காலையில் எடுத்தவுடன் பார்த்தால் ஆயில் சுருங்கியிருக்கும். 5 டிகிரிக்கும் 75 டிகிரிக்கும் நடுவில் 6 லிட்டரில் ஏறக்குறைய 300 மி.லி. வித்தியாசம். குறைவு என்று அதை நிரப்பினால் சூடானபின் பொங்கி நுரைக்கும். குறைந்தால் 100 மி.லி. வீதம் சேருங்கள்.

ஒருமுறை மாற்றினால் பாதிதான் புதிது. ஆயிரம் கி.மீ. கழித்து இன்னொரு தடவை வடித்து நிரப்பினால் முக்கால், மூன்றாம் முறை ஏறக்குறைய 87 சதவீதம். ஃபில்டரை மறுபடி கழற்றவேண்டாம். மெஷின் வைத்து ஒரே நாளில் செய்யும் ஃப்ளஷ்ஷை இந்தப் பொறுமையான வழியே ஈடுகட்டும்.

லீவரில் 'பி' என்ற இடமே இல்லாத கார்களை வைத்திருப்பவர்கள் இதையெல்லாம் செய்யவேண்டாம். அது பெரும்பாலும் ஏ.எம்.டி., உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்; ஆயிலே வேறு.

பழைய ஆயில் மூன்று, நான்கு லிட்டராவது இருக்கும். 2016 அபாயக் கழிவு விதிகளின்படி அது அபாயக் கழிவு. 2024 ஏப்ரல் முதல், பழைய ஆயிலை மறுசுழற்சிக்குப் போகவைக்கும் பொறுப்பு ஆயில் தயாரிப்பாளருக்கு என்றும் விதி வந்துவிட்டது. மலையேறும் வழியில் குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைத் தேடுபவர்களிடம், இந்த ஆயிலை எங்கே கொடுப்பது என்று கேட்டுப் பாருங்கள், முழிப்பார்கள். ஓடையில் ஊற்றினால் பவானிக்கோ மோயாற்றுக்கோ போகும். தேயிலைத் தோட்டத்தில் ஊற்றினால் மண் நாசம். மூடி இறுக்கி, தண்ணீரோ பெட்ரோலோ கலக்காமல், பேரலில் ஆயில் சேர்த்து மறுசுத்திகரிப்புக்கு அனுப்பும் பெரிய ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். மேட்டுப்பாளையம் இறங்கும் நாளில் டிக்கியில் வைத்துக் கொண்டுபோகலாம், கேன் சாயாமல் கட்டிவைத்து.